எருமேட்டைச் சுற்றும் கருங்குளவி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தென்னங்கன்றுக்கு எரு போடுவது பற்றி எழுதும்போது, எருவில் வெள்ளைப் புழு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதம். மலேசியாவில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கொல்லையில் ஒரு தென்னையாவது இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும், சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) வேறு, அதனால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத் தொட்டு வந்திருப்பதால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் மாட்டுச் சாணமும் தென்னை மட்டைக் குப்பையும் குவித்து வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாகக் காலையில் வெயில் ஏறியதும் பெரிய கறுப்புக் குளவிகள் வருகின்றன. கட்டைவிரல் நீளம் இருக்கும், இறக்கை நீலமாக மின்னுகிறது. தரையை ஒட்டி எட்டுப் போட்ட மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பேரன் அங்கேதான் விளையாடுவான். வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார். கூடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?
வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: கொளுத்த வேண்டாம் அம்மா. முதலில் அந்த மண்ணெண்ணெய் டின்னை வாங்கி உள்ளே வையுங்கள், அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள்.

கூடு உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், கூடே கிடையாது. இது மலாயில் தெபுவான் என்று சொல்கிற குளவி இல்லை. தெபுவான் கூட்டமாக வாழும், கூட்டைக் காக்கக் கூட்டமாகவே வந்து கொட்டும், ஆளையே கொன்றுவிடும். அந்தக் கூட்டைப் பார்த்தால் நாம் கிட்டவே போகாமல் பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டியதுதான். உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது தனியாக வாழும் குளவி. ஸ்கோலியா குடும்பம் என்பார்கள், உலகத்தில் 500க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம்ம பக்கத்துக் காடுகளிலும் தோட்டங்களிலும் இருக்கும் பெரிய வகைகள் உலகத்துக் குளவிகளிலேயே மிகப் பெரியவற்றில் சேரும். பார்க்கப் பயமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் காக்க வேண்டிய கூடோ ராணியோ அதற்கு இல்லை, அதனால் துரத்தி வந்து கொட்டும் குணமும் இல்லை. தரையை ஒட்டி ஓயாமல் சுற்றுகிறதே, அவற்றில் பெரும்பாலானவை ஆண் குளவிகள். மண்ணுக்குள்ளிருந்து பெண் வெளியே வருவதற்காகக் காத்திருந்து சுற்றுகின்றன. ஆணின் வாலில் முள் மாதிரி மூன்று கூர் இருக்கும், பார்த்தால் கொடுக்கு என்றே நினைப்போம், ஆனால் அதற்குக் கொட்ட முடியாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. வெறுங்காலால் மிதித்தாலோ கையில் பிடித்து நசுக்கினாலோ கொட்டும். ஆகவே பேரன் அந்தப் பக்கம் போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளட்டும், குளவியைக் கையால் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். தப்பித் தவறிக் கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். மூச்சு வாங்கினாலோ முகம் உதடு வீங்கினாலோ அது வேறு, அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்தக் குளவிக்கும் தேனீக்கும் அது பொருந்தும்.

சரி, அது ஏன் உங்கள் எருமேட்டைத் தேடி வந்தது? அதற்குள் வெள்ளைப் புழு இருக்கிறது, அதனால்தான். கொம்பு வண்டு, அதாவது காண்டாமிருக வண்டு, உங்கள் தென்னையின் குருத்தைத் துளைத்து, விரிந்த மட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி ஆக்குகிறதே, அந்த வண்டு முட்டை போடும் இடம் இந்த மாதிரிச் சாணக் குவியலும் மக்கிய மரமும்தான். முட்டையிலிருந்து வண்டாகி வெளியே வர நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை ஆகும், அதில் பெரும்பகுதியைப் புழுவாகத்தான் கழிக்கும். பெண் குளவி எருவைத் தோண்டி உள்ளே போய் அந்தப் புழுவைக் கண்டுபிடித்து, வயிற்றுப் பக்கம் நரம்புக் கொத்து இருக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டும். புழு சாகாது, அசைய மட்டும் முடியாது. அதன் வயிற்றில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த புழுவைத் தேடிப் போய்விடும். சில நாளில் முட்டை பொரித்து, குளவிக் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும்.

உங்கள் தென்னையைக் கெடுக்கப் போகிற வண்டை அது வண்டாவதற்கு முன்னாலேயே முடிக்கிற ஒரு ஜீவனை, பார்க்கப் பயமாக இருக்கிறது என்பதற்காகக் கொளுத்தப் போகிறீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் குளவி போகும், மண்புழு போகும், எருவும் கெட்டுப்போகும். வண்டோ எங்கிருந்தாவது பறந்து வந்து அடுத்த குவியலில் முட்டை போடும். திறந்த வெளியில் குப்பை கொளுத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: குளவி புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக மாற்றிவிடும் என்று என் பாட்டி சொல்வார். வகுப்பில் ஒரு மாணவி இதையே கேட்டாள், நான் கதை என்று சொல்லி முடித்துவிட்டேன். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?
தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாகான் டத்தோ

பதில்: டீச்சர், இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பாட்டி சொன்னதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். கண்ணால் கண்டதைத்தான் அந்தக் காலத்து மனிதர்கள் சொன்னார்கள். வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டும் வேட்டுவன் குளவியைப் பாருங்கள், ஒரு பச்சைப் புழுவைக் கொட்டித் தூக்கி வந்து உள்ளே வைத்து வாயை அடைக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் ரீங்காரம் கேட்கும். சில வாரம் கழித்து அதே கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்ததைப் பார்க்க முடியாத ஒருவர் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? குருவையே நினைத்திருந்தால் சீடனும் குருவாகலாம் என்பதற்கு இதையே உவமையாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

பார்த்தது சரி, விளக்கத்தில்தான் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. மறைவில் இருந்தது ஒரு முட்டை. புழு குளவியாக மாறவில்லை, புழுவைத் தின்ற குஞ்சு குளவியாயிற்று. ஒரு வகையில் பார்த்தால் புழுவின் உடம்பு முழுக்கக் குளவியின் உடம்பாகத்தானே மாறியிருக்கிறது, அதனால் பாட்டியை நான் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்வேன். மாணவியிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

அந்த மறைவில் நடப்பதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒருவரைப் பற்றியும் வகுப்பில் சொல்லலாம். பிரான்ஸ் நாட்டில் ஜான் ஹென்றி ஃபாப்ர் என்று ஒருவர், 1823இல் பிறந்து 1915இல் மறைந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். இலை மக்கிய குவியலைக் கிளறி இதே ஸ்கோலியா குடும்பத்துக் குளவிகளை ஆராய்ந்தார். அங்கே உள்ள ஒரு பெரிய ஸ்கோலியா வேட்டையாடுவதும் நம் கொம்பு வண்டின் நெருங்கிய உறவான ஒரு வண்டின் புழுவைத்தான். அவர் கண்டது இது: குளவிக் குஞ்சு புழுவின் வயிற்றில் ஒரே ஓர் இடத்தில் துளை போட்டுத் தலையை உள்ளே விட்டால் கடைசி வரை அதை வெளியே எடுப்பதில்லை. உயிருக்கு அவசியமில்லாத கொழுப்பையும் சாற்றையும் முதலில் தின்னும், உயிர் தங்கியிருக்கும் பாகங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரம் அந்தப் புழு பாதி காலியான பிறகும் அழுகாமல் கிடக்கும். அவர் குஞ்சை எடுத்து வேறோர் இடத்தில் வாய் வைக்கும்படி மாற்றிப் பார்த்தார். அது முறை தவறித் தின்றது, புழு செத்து அழுகியது, அழுகியதைத் தின்ற குஞ்சும் செத்தது. எதை முதலில் தின்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு சின்னக் குஞ்சு தெரிந்து வைத்திருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்று. டிஃபியா என்று கொஞ்சம் சின்ன குளவி இனம் உண்டு, புல் வேரைத் தின்னும் புழுக்களைத் தேடிப் பிடிக்கும். அது கொட்டினால் புழுவுக்குக் கொஞ்ச நேரம்தான் மயக்கம், பிறகு எழுந்து முட்டையைச் சுமந்துகொண்டே மண்ணுக்குள் மேயப் போய்விடும். அதில் ஒரு வகை, பெரிய புழுவாக இருந்தால் பெண் குளவியாகப் போகும் முட்டையையும் சின்னப் புழுவாக இருந்தால் ஆணாகப் போகும் முட்டையையும் வைக்கிறது. பெண்ணுக்கு உடம்பு பெரிது, சாப்பாடும் அதிகம் வேண்டும் அல்லவா.

கேள்வி: அண்ணா, நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (ஆட்களை மேற்பார்க்கும்) வேலை பார்க்கிறேன். மறுநடவு செய்த இடத்தில் இளங்கன்றுகளைக் கொம்பு வண்டு போட்டு வாட்டுகிறது. மருந்து அடித்து அடித்து ஆள் ஓய்ந்துபோகிறது. இந்தக் குளவி அவ்வளவு நல்லது என்றால் வளர்த்து விட்டுவிடலாமே, ஏன் யாரும் செய்வதில்லை?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: தம்பி, செய்து பார்த்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் ஜெயித்தது, ஓர் இடத்தில் தோற்றது, இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் நம் நிலைமை புரியும்.

மொரீஷியஸ் தெரியும்தானே, நம் ஆட்கள் ரப்பருக்கு இங்கே வந்த மாதிரி கரும்புக்கு அங்கே போன தீவு. அங்கே கொம்பு வண்டின் உறவு ஒன்று கரும்பு வேரைத் தின்று பெரிய நாசம் பண்ணியது. 1917இல் பக்கத்து மடகாஸ்கரிலிருந்து ஒரு ஸ்கோலியா குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், வண்டு அடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஹவாயிலும் கரும்பு வேரைத் தின்ற வேறொரு வண்டுப் புழுவுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு ஸ்கோலியா போனது, அதுவும் பலித்தது. இந்த இரண்டு இடத்திலும் புழு இருந்தது மண்ணில், கரும்பு வேர் ஓரமாக. குளவி தோண்டிப் போய்ப் பிடிக்கக்கூடிய இடம்.

இப்போது பசிபிக் தீவான சமோவாவைப் பாருங்கள். 1909இல் சிலோனிலிருந்து ரப்பர் கன்று போனபோது, கன்றோடு சேர்ந்து நம் காண்டாமிருக வண்டும் அந்தத் தீவுக்குப் போய்விட்டது. தென்னையை நம்பியே வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். பசிபிக் தீவுகளில் இந்த வண்டுக்கு எதிராகவும் ஆப்பிரிக்கப் பக்கத்து ஸ்கோலியா குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். குளவி அங்கே தங்கியது, பெருகியது, ஆனால் வண்டை அடக்க முடியவில்லை. அங்கே புழு வளர்வது செத்துச் சாய்ந்த தென்னை மரத்துக்குள். மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக் குளவியால் முடியாது. சாணத்திலும் மக்கிய குப்பையிலும் இருந்த புழுவை மட்டும்தான் அது பிடித்தது.

சமோவாவைக் காப்பாற்றியது வேறொன்று, அது நம்ம நாட்டிலிருந்து போனது. 1963இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் மலாயாத் தோட்டங்களில் நோய் பிடித்த வண்டுப் புழுக்களைத் தேடி அலைந்தபோது, அதைக் கொல்லும் ஒரு வைரஸை இங்கேதான் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள், வண்டு வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் கிடைத்த ஒரு கிருமி ஒரு தீவின் தென்னையையே காத்தது என்பதை நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் மறுநடவுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பழைய மரத்தைக் கொளுத்திவிடுவார்கள். இப்போது கொளுத்தக் கூடாது, கூடாது என்பதும் நல்லதுதான், புகையில் மூச்சுத் திணறியது நமக்கே தெரியும். ஆனால் வெட்டிய மரமெல்லாம் தோட்டத்திலேயே மக்குகிறது, ஒன்றிரண்டு வருடத்துக்கு அது கொம்பு வண்டுக்குத் தாய்வீடு. அதிலும் மரத்தைத் தடியாக விட்டுவிட்டால் சமோவாக் கதைதான், குளவி உள்ளே போக முடியாது. மெல்லிசாகச் சீவிப் பரப்பினால் சீக்கிரம் காயும், மக்கும், புழுவுக்கும் வசதி குறையும். மேலே முக்குனா மாதிரி மூடுகொடியைச் சீக்கிரம் படரவிட்டால் வண்டுக்கு இறங்கி முட்டை போட இடம் தெரியாது. மில்லிலிருந்து வரும், பழம் எடுத்த வெறுங்குலையை மலை மாதிரி கொட்டிவைக்காமல் ஒரே அடுக்காகப் போட வேண்டும், இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதித் தலைவலி குறையும். வண்டைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணம், வண்டை இழுக்கும் வாசனைப் பொறி இதெல்லாமும் துணைக்கு இருக்கிறது. என் அப்பா காலத்தில் கம்பியை வளைத்துக் குருத்துக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்பார்கள், சில தோட்டங்களில் அதற்கென்றே ஆள் உண்டு. இளங்கன்றுக்கு இன்றைக்கும் அது கெட்ட வழி இல்லை.

குளவிக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை, பூவில் தேன் குடித்துத்தான் வாழ்கிறது. தோட்டத்துச் சாலை ஓரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தர்னேரா செடியும், ரோஸ் நிறத்தில் படரும் அந்திகோனன் கொடியும் நட்டிருப்பார்களே, அழகுக்கு என்று நினைக்காதீர்கள். கூட்டைச் சுமந்துகொண்டே மட்டையைத் தின்னும் புழுவுக்கு எதிரியான சின்னக் குளவிகளுக்காக நட்டது. தேன் தேடி அலையும் ஸ்கோலியாவுக்கும் பூ வேண்டும். களைக்கொல்லி அடிக்கிறவரிடம் அந்த ஓரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். மண்டோர் சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறேன். எல்லா வெள்ளைப் புழுவும் கெட்டதா?
வாசகி, பந்திங்

பதில்: இல்லை. சமமான தரையில் புழுவை விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டின் புழு, மக்கிய குப்பையைத் தின்று எருவாக்கும், விட்டுவிடலாம். சுருண்டபடி ஒருக்களித்துக் கிடந்தால், தலை பழுப்பாக, உடம்பு விரல் பருமனுக்கு மேல் இருந்தால், கொம்பு வண்டாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு, கோழிக்குப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் வயிற்றைத் திருப்பி ஒரு பார்வை பாருங்கள். வெள்ளையாக ஒரு முட்டை, அரிசியைவிடச் சின்னதாக, குத்தி நிறுத்தியது போல ஒட்டியிருந்தாலோ, தொட்டும் அசையாமல் இருந்தாலோ, அது குளவிக்குச் சொந்தமான புழு, கோழிக்கு வேண்டாம். எடுத்த ஆழத்திலேயே புதைத்துவிடுங்கள்.

எருவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளறினால் எந்தப் புழுவும் வண்டாகும் அளவுக்குத் தங்காது. சிலர் மேலே வலை போடச் சொல்வார்கள். வண்டு மாட்டும், சரிதான், ஆனால் குளவியும் உள்ளே போக முடியாது, அதனால் வீட்டளவில் கிளறுவதையே நான் சொல்வேன்.

கேள்வி: எரு அள்ளும்போது விரல் அளவில் பழுப்பு நிறக் கூடு கிடைத்தது, தொட்டால் காகிதம் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் காய்ந்துபோன புழுத்தோலும் தலையும். மகன் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறான். என்ன இது?
வாசகர், சித்தியவான்

பதில்: முன்னே இல்லை என்று சொன்ன, கூட்டமாக வாழும் கூடு இல்லை இது, ஒரே ஒரு குளவிக் குஞ்சு தனக்கு நூற்ற உறை. குஞ்சு புழுவைத் தின்று முடித்து, தன்னைச் சுற்றி நூற்றுக்கொண்டு உள்ளே உறங்குகிறது, பக்கத்தில் கிடக்கும் தோல் அது தின்ற மிச்சம். ஜன்னல் வெயிலில் வெந்துவிடும், உடனே எடுங்கள். மகனுக்குப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு பெரிய டப்பாவில் ஈரம் காயாத எருவைப் போட்டு, கூட்டை நாலு விரல்கடை ஆழத்தில் புதைத்து, மூடியில் ஓட்டை போட்டு நிழலில் வைக்கட்டும், வாரம் இரண்டு முறை கொஞ்சம் தண்ணீர் தெளிக்கட்டும். குளவி வெளியே வந்த அன்று காலையில் டப்பாவை எருமேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூடியைத் திறந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.